வேண்டுதல் தாடி

பானுமதிக்குக் கோபம் வந்தால் அது முதலில் தையல் மெஷினுக்குத்தான் தெரியும். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பெடலை மிதித்த மிதியில் எதிர்வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். ஒரு ஜாக்கெட்டின் கையைத் தைத்தாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள், மறுபடி பிரித்தாள். ஜாக்கெட் என்ன பாவம் செய்தது? கோபமெல்லாம் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த புருஷன் மேல். கையிலிருந்த காபி டம்ளர் சாய்ந்து கைலியை நனைப்பதுகூடத் தெரியாமல் அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

ரெங்கராஜின் தூக்கத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்குத் தனி தைரியம் வேண்டும். குறட்டை ஏறும், இன்னும் ஏறும், உச்சிக்குப் போய்ச் சட்டென்று நிற்கும். அதோடு நெஞ்சும் நின்றதுபோல இருக்கும். பிறகு தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு மூச்சு வரும், தலையைத் தூக்கிப் போடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இதற்குத் தூக்கம் என்று பெயர் வைத்தவனை நிற்க வைத்துக் கேட்க வேண்டும்.

"எந்திரிங்க அத்தான், காபி கொட்டுது!"

அவன் கண்ணைத் திறந்தான். கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன. அடர்ந்த தாடிக்குள்ளிருந்து ஒரு அசட்டுச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "தூங்கல பானு. சும்மா கண்ண மூடிக்கிட்டு இருந்தேன்."

"ஆமா, நீங்க கண்ண மூடிக்கிட்டு இருந்தது அம்மா மண்டபம் வரைக்கும் கேட்டுச்சு."

உள்ளறையில் பீரோவுக்கு மேலே ஒரு துண்டு போர்த்தி மூச்சு மெஷின் உட்கார்ந்திருந்தது. செங்கல்லைவிடச் சற்றுப் பெரிய பெட்டி, அதிலிருந்து ஒரு நீளக் குழாய், குழாயின் முனையில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற ரப்பர் மாஸ்க். பானுமதியின் கை வளையல் போய் அந்த மெஷின் வீட்டுக்குள் வந்தது. போர்த்திய துண்டின் மேல் தூசி படிந்திருந்ததை அவள் அன்று காலையில்தான் கவனித்தாள். ராத்திரி படுக்கும்போது மாட்டிக்கொள்கிறான், பாதியில் எப்போதோ கழற்றுகிறான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அவள் கூடத்தில் படுக்கிறாள், அவன் உள்ளே. "மாட்டிக்கிட்டீங்களா?" என்று தினமும் கேட்டாள். "மாட்டிக்கிட்டேன்" என்று தினமும் பொய் சொல்லியிருக்கிறான்.

ரெங்கராஜுக்கு அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வேலை. பவர் பிரஸ் ஓட்டுகிறவன். இரும்புத் தகட்டை அச்சுக்கு அடியில் கையால் நகர்த்தி வைத்து பட்டனை அமுக்கினால், மேலிருந்து ஒரு யானைக் கனம் இறங்கித் தகட்டை வெட்டும். தகட்டையும் கையையும் வேறுபடுத்திப் பார்க்க அதற்குத் தெரியாது. அந்த மெஷின் முன்னால் உட்காருகிறவன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றே தூங்கினான். அரியமங்கலத்தில் இறங்க வேண்டியவன் துவாக்குடியில் கண் விழித்தான். சோற்றில் கை வைத்தபடி தூங்கினான். கடைசியில் ஒருநாள் பிரஸ் முன்னாலேயே தலை தொங்கிவிட்டது. பக்கத்திலிருந்த காத்தமுத்து தோளைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அன்றைக்கே வலது கை போயிருக்கும். முதலாளி அவனை மெஷினிலிருந்து எடுத்து கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார். டாக்டர் சரியென்று சொன்னால் மெஷின், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று பேச்சு.

டாக்டர் ஒரு ராத்திரி முழுக்க அவனை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். தூங்கும்போது தொண்டை மூடிக்கொள்கிறது, மூச்சு நின்று நின்று வருகிறது, உடம்பு ராத்திரி பூரா தூங்கவே இல்லை. மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. காற்றை அழுத்தி ஊதித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கிற மெஷின்தான். படுக்கும்போதெல்லாம் மாட்ட வேண்டும்.

மெஷின் வந்த முதல் வாரத்தைப் பானுமதி இப்போதும் நினைத்துக்கொள்வாள். வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதி பழகாமல் அவள் எழுந்து போய் அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். காலையில் அவன் தானாக எழுந்து குளித்து, பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தூங்காமல் படித்து, "ஏன் பானு, இந்தச் செவுத்துக்கு எப்ப பச்சை அடிச்சோம்?" என்று கேட்டான். அடித்து நாலு வருஷமாகியிருந்தது. அவள் சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதாள்.

பிறகு எல்லாம் கெட்டது. மாஸ்க்கின் ஓரத்திலிருந்து காற்று விசில் அடித்தது. கண்ணில் ஊதியது. மெஷின் கம்பெனிக்கு அவள் போன் போட்டால், "ஸ்ட்ராப்பை டைட் பண்ணுங்கம்மா" என்றான் ஒருவன். இறுக்கினாள். மூக்குத்தண்டில் புண் வந்தது, விசில் நிற்கவில்லை. மறுபடி போன் போட்டாள். "இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுங்கம்மா." மனுஷன் முகமா, சாக்கு மூட்டையா?

அவள் தையல் நின்ற நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. காத்தமுத்து வந்திருந்தார். இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லாத மனிதர். ரெங்கராஜ் அவரைப் பார்த்ததும், "வாங்கண்ணே, இந்தா குளிச்சிட்டு வந்துடுறேன்" என்று துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் நழுவினான். நழுவிய விதமே சரியில்லை.

"அவன் ஓடட்டும்மா. நான் உன்கிட்டத்தான் பேச வந்தேன்" என்றார் காத்தமுத்து. "நாளையிலேருந்து அவன் மறுபடியும் பிரஸ்ல உக்காருறான். தெரியுமா?"

பானுமதிக்குக் கால் பெடலிலேயே உறைந்தது. "யார் உக்காரச் சொன்னா?"

"ஆர்டர் நெறைய வந்திருக்கு. மொதலாளி கேட்டாரு, ஒடம்பு எப்படிடா இருக்குன்னு. இவன் சரியாயிடுச்சுங்கன்னுட்டான். டாக்டர் சொல்லிட்டாராங்கறாரு அவரு. சொல்லிட்டாருங்கறான் இவன். கேட்டுல உக்காந்து நாள் பூரா தூங்குறவன் எப்படிச் சரியானான்னு அவரும் கேக்கல. கேட்டா ஆர்டர் நின்னு போயிடுமே." காத்தமுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொண்ணும் சொல்றேன் கேட்டுக்க. அந்த பிரஸ்ஸுக்கு ரெண்டு பட்டன் இருக்கு. ரெண்டு கையும் பட்டன்ல இருந்தாத்தான் அச்சு எறங்கணும், அப்பத்தான் கை உள்ள மாட்டாது. வேலை சீக்கிரம் ஓடணும்னு ஒரு பட்டனை அமுக்கினபடியே கட்டிப் போட்டிருக்காரு மொதலாளி. என் வெரல் அப்படித்தான் போச்சு. நான் முழிச்சுக்கிட்டு இருந்தப்பவே போச்சும்மா. இவன் தூங்குறவன்."

அவர் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். பானுமதி எழுந்து நின்றாள். கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைக்க வேண்டும் என்று அவளுக்கு நினைவு வரவே சற்று நேரமானது.

ரெங்கராஜ் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்தபோது அவள் ஆரம்பித்தாள். தெருவே கேட்டது. "பொய் சொல்ல எப்ப கத்துக்கிட்டீங்க? என்கிட்ட ஒரு பொய், மொதலாளிகிட்ட ஒரு பொய். கை போனா யாருகிட்டப் போய் பொய் சொல்லுவீங்க? சோறு நான் ஊட்டணுமா? சொல்லுங்க, வலது கை இல்லாத ஆளுக்குச் சட்டை தைக்க இப்பவே பழகிக்கிறேன்!"

"கேட்டுலயே உக்கார வச்சிருந்தா எத்தன நாள் வச்சிருப்பாரு பானு? வேலை போயிடும்."

"மெஷினை மாட்டுனா எதுவும் போகாது! ஏன் மாட்டல?"

அவன் தாடியைத் தடவிக்கொண்டு நின்றான். அது அவளை இன்னும் ஏற்றிவிட்டது.

அடுப்படியிலிருந்து செல்லக்கிளி வந்தாள். ரெங்கராஜின் அம்மா, பானுமதிக்கு மாமியார் மட்டுமல்ல, சொந்த அத்தை, அப்பாவின் அக்கா. "விடுடி. கொழாயை மூஞ்சியில மாட்டிக்கிட்டு ஐ.சி.யூ. கேஸு மாதிரிப் படுக்க அவனுக்கு என்ன தலையெழுத்து? நம்ம வம்சத்துல எல்லாருந்தான் கொறட்டை விட்டாங்க. நல்லாத் தூங்குறவன்தான் கொறட்டை விடுவான்."

"நல்லாத் தூங்குறவன் எதுக்கு அத்தை துவாக்குடி போறான்?" என்றாள் பானுமதி.

அவன் போன் ஜன்னலில் கிடந்தது. கம்பெனிக்காரனை இன்னொரு முறை திட்டலாம் என்று எடுத்தவள் கண்ணில், வரிசையாக எடுக்காமல் விட்ட அழைப்புகள் பட்டன. 'ஆஸ்பத்திரி சிஸ்டர்' என்று இருந்தது. அதையே அழுத்தினாள். எதிர்முனையில் ஒரு பெண் குரல் வணக்கம்கூடச் சொல்லாமல் பாய்ந்தது. "அப்பாடா, இப்பவாவது கூப்பிட்டீங்களே ரெங்கராஜ் சார்!"

"நான் அவரு சம்சாரம் பேசுறேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. வீடு எங்கே, சொல்லுங்க. நான் திருவானைக்காவல்தான். சர்ச்சுல பூசை முடிஞ்சு நேரா வரேன்."

அவள் பெயர் பேட்ரிசியா. ஆஸ்பத்திரியில் மூச்சு மெஷின் வாங்கியவர்களைத் துரத்துவதுதான் அவள் வேலை. நிறையப் பேர் வாங்கின வேகத்தில் மெஷினைப் பரணில் போட்டுவிடுவார்கள். மூக்கு வறளுது என்பார்கள், மூச்சு முட்டுது என்பார்கள், பெண்டாட்டி பயப்படுறா என்பார்கள். ஒவ்வொருவரையும் போனில் பிடித்து, வீட்டுக்குப் போய்ப் பார்த்து, மாஸ்க்கை மாற்றிக் கொடுத்து, கெஞ்சி, மிரட்டி மறுபடி மாட்ட வைப்பாள். சர்ச்சுக்குக் கட்டின பட்டுச் சேலையோடு, ஸ்கூட்டியை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தவள், ரெங்கராஜைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இன்னும் தாடி எடுக்கலையா நீங்க?"

ரெங்கராஜின் கை தாடிக்குப் போயிற்று.

"மாஸ்க் தோலோட ஒட்டி உக்காரணும் சார். நடுவுல முடி இருந்தா காத்து வெளிய போகத்தான் செய்யும். மெஷின் வந்தப்ப மழமழன்னு ஷேவ் பண்ணியிருந்தீங்க, அதுக்கு அளவு பார்த்துக் கொடுத்தது. மூக்குத் துவாரத்துல மட்டும் வைக்கிற சின்ன மாஸ்க் இருக்கு, ஆனா நீங்க வாயைத் திறந்து தூங்குறவரு, உங்களுக்கு அது ஆகாது. இதெல்லாம் போன்ல உங்ககிட்ட சொன்னேனா இல்லையா? கண்ணுல காத்தடிக்குதுன்னு சொன்னீங்க, தாடி இருக்கான்னு கேட்டேன், இருக்குன்னீங்க, இன்னைக்கே எடுத்துடுங்கன்னேன். சரிங்க சிஸ்டர்னு சொல்லிட்டு அப்புறம் போனையே எடுக்கல!" அவளுக்கும் நன்றாகக் கோபம் வந்திருந்தது. "யாரு சார் உங்களைத் தாடி வளர்க்கச் சொன்னது?"

ரெங்கராஜ் தரையைப் பார்த்தான். செல்லக்கிளி பானுமதியைப் பார்த்தாள். பானுமதிக்கு முகம் முழுக்க நெருப்பாகக் காந்தியது.

சொன்னது அவள்தான். மெஷின் வீட்டுக்கு வந்த அன்றைக்கே சமயபுரம் போய், கூட்டத்தில் இடிபட்டு, மாரியம்மன் முன்னால் நின்று வேண்டிக்கொண்டாள். தாயே, இவர் மூச்சைச் சரி பண்ணு. சரியானதும் தலைமுடி, தாடி, மீசை மொத்தத்தையும் உன் வாசலில் இறக்குகிறோம். அதுவரை இவர் முகத்தில் கத்தி படாது. வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னாள். அவன் வழக்கம்போல, சரி என்றான்.

அளவு ஜாக்கெட் கொண்டு வருகிற பெண்களிடம், "இது எப்ப தைச்சது? பிள்ளை பெத்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்காமல் அவள் துணியில் கத்தரி வைத்ததில்லை. ஒரு நூல் அளவு தளர்ந்திருந்தாலும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். தினம் பார்க்கிற முகத்தில் ஒரு விரல்கடை முடி வளர்ந்து நிற்கிறது, அதற்கு மேல் மாஸ்க் எப்படி உட்காரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தாடியை அவள் தாடியாகப் பார்க்கவில்லை, நேர்ந்துவிட்ட பொருளாகப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று ரெங்கராஜைக் கேட்டாள். "தாடியாலதான்னு தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

"தெரியும்."

"நான் வாய்க்கு வந்தபடி பேசினப்பவும்? சோம்பேறின்னு சொன்னப்பவும்? பொய்யன்னு சொன்னப்பவும்?"

"எப்படிச் சொல்றது பானு? உங்கப்பா தாடியை எடுத்த கதையை நீ எத்தன தடவ சொல்லியிருக்க. தாடியை எடுத்துடறேன்னு சொன்னா, நீ ராத்திரி பூரா என் பக்கத்துல முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. ஒருத்தருக்காவது தூக்கம் இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

"பைத்தியக்காரத்தனம்!" என்று கத்தினாள். இவ்வளவு நாளும் கோபப்படுவதற்கு ஓர் ஆள் இருந்தான். இப்போது அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், மேஜை மேல் கிடந்த ஜாக்கெட்டை எடுத்துச் சுவரில் அடித்தாள்.

பேட்ரிசியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. செல்லக்கிளிதான் விளக்கினாள். விளக்கினாள் என்பதைவிட, எச்சரித்தாள் என்று சொல்ல வேண்டும். "தாடியில கை வைக்கக் கூடாதும்மா. இவங்கப்பன் சின்னையா, என் தம்பி, இவ கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு சமயபுரத்துக்கு நேர்ந்துக்கிட்டுத் தாடி வளத்தான். கல்யாண போட்டோவுல தாடியோட நிக்கறதாடான்னு எவனோ கிண்டல் பண்ணினான்னு, மொதநாளு வீட்லயே செரைச்சுக்கிட்டான். கோயிலுக்குப் போகல. ஆடி பொறக்கறதுக்குள்ள போய்ச் சேந்துட்டான். ஆனாலும் ஆத்தா கருணைக்காரி. நல்ல சாவு குடுத்தா. மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தான். கொறட்டைன்னா அப்படி ஒரு கொறட்டை, ஓடு அதிரும். திடீர்னு சத்தம் நின்னுச்சு. அப்பாடா, இப்பத்தான் தம்பி அசந்து தூங்குறான்னு, யாரும் எழுப்பிடக் கூடாதுன்னு நான்தான் கதவைச் சாத்திட்டு வந்தேன். சாயங்காலம் போய்ப் பாத்தா ஆளு இல்ல. தூக்கத்துலயே போறதுக்கு எவ்வளவு புண்ணியம் பண்ணியிருக்கணும்!"

இந்தக் கதையைப் பானுமதி எத்தனையோ சாவு வீட்டில் கேட்டிருக்கிறாள். கேட்டவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டி, கொடுத்து வைத்தவர் என்று சொல்லித் தலையாட்டுவார்கள். அவளும் ஆட்டியிருக்கிறாள். பேட்ரிசியா தலையாட்டவில்லை. மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"சிஸ்டர்," என்றாள் பானுமதி. "எங்கப்பாவுக்கும் இதேதானா?"

"நான் டாக்டர் இல்லம்மா. பாக்காத ஆளைப் பத்திச் சொல்லக் கூடாது."

"பரவால்ல சொல்லுங்க."

"இருந்திருக்கலாம். தெரியாது." பேட்ரிசியா செல்லக்கிளியைப் பார்க்காமல் சொன்னாள். "ஆனா கொறட்டை நின்னாலே நல்ல தூக்கம்னு அர்த்தம் இல்லைங்க. மூச்சு நின்னாலும் கொறட்டை நிக்கும்."

செல்லக்கிளி முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு மெதுவாக அடுப்படிக்குப் போனாள். உள்ளே பாத்திரச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

அப்பா செத்தது தன் கல்யாணத்துக்காக எடுத்த தாடியால் என்று பானுமதி இத்தனை வருஷமும் நெஞ்சுக்குள் ஒரு கல்லைச் சுமந்திருந்தாள். நல்ல சாவாம். கதவுக்குப் பின்னால் ஒரு மனுஷன் காற்றுக்குத் திணறியிருந்தால் அதற்குப் பெயர் நல்ல சாவா? அக்கம் பக்கம், சொந்தம் பந்தம், ஒருத்தருக்காவது அந்தக் குறட்டையைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் தோன்றியதா? எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள், பெருமைப்பட்டார்கள், கடைசியில் கதவையும் சாத்தினார்கள்.

"கிளம்புங்க அத்தான்," என்றாள்.

"எங்க?"

"சமயபுரம். இன்னைக்கே. இப்பவே."

"வேண்டுதல் இன்னும்..."

"அதை நான் அவகிட்டப் பேசிக்கிறேன்."

டோல்கேட்டில் பஸ் மாறி அவர்கள் போய் இறங்கியபோது சமயபுரம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பிதுங்கிக்கொண்டிருந்தது. வழி முழுக்க ரெங்கராஜ் அவள் தோளில் சாய்ந்து தூங்கினான். ஒவ்வொரு முறை அவன் மூச்சு நின்றபோதும் அவள் முழங்கையால் இடித்தாள். முன்சீட்டில் ஒரு ஆள் திரும்பிப் பார்த்து, "குடுத்து வச்சவரு, எங்க வேணாலும் தூங்குறாரு" என்றான். பானுமதி அவனைப் பார்த்த பார்வையில் அவன் அடுத்த நிறுத்தத்தில் வேறு சீட்டுக்கு மாறிப் போனான்.

கோயிலுக்குள் நெரிசலில் தள்ளப்பட்டு அம்மன் முன்னால் நின்ற கொஞ்ச நேரத்தில் அவள் கும்பிடவில்லை, சண்டை போட்டாள். உதடு அசையாமல் உள்ளுக்குள். முடி உனக்கு எதுக்கு, என் பயம்தானே உனக்குக் கொடுத்த காணிக்கை? எங்கப்பன் செத்தது உன்னாலேன்னு இத்தனை வருஷம் உன்னைக் கண்டு நடுங்கினேன். நீ கேட்டியா தாடி? நான்தான் கேட்காததைக் கொடுத்தேன். இப்போ எடுத்துக்கறேன். கோபம்னா என் மேல காட்டு. அந்த மனுஷன் கையையும் தொண்டையையும் தொடாதே.

"நகருங்க, நகருங்க" என்று யாரோ தள்ளினார்கள். அவள் நகர்ந்தாள். விபூதியை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டாள்.

மொட்டை போடுகிற மண்டபத்தில் ஈர முடியின் வாசமும் சந்தன வாசமும் கலந்து கிடந்தது. ரெங்கராஜ் பலகையில் குந்தினான். தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே முடி இறக்குகிறவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "வேண்டுதல் நிறைவேறிடுச்சாம்மா?"

"இல்லைங்க. இதை எடுத்தாத்தான் நிறைவேறும்."

அவர் கையை நிறுத்தி ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் கத்தியைத் தாடையில் வைத்தார். தாடையிலிருந்து முடி கற்றை கற்றையாக விழ விழ, உள்ளேயிருந்து பானுமதிக்குத் தெரிந்த முகம் வெளியே வந்தது. மூக்குத்தண்டில் ஸ்ட்ராப்பை இறுக்கிய தழும்பு கறுப்பாக நின்றது. இறுக்கியது அவள் கை. அந்த இடத்தில் சந்தனத்தைக் கொஞ்சம் அழுத்திப் பூசினாள்.

வெளியே தேங்காய்க் கடை நிழலில் நின்றுகொண்டு, "போனை எடுங்க. மொதலாளிகிட்டப் பேசுங்க. எனக்கும் கேக்கணும்" என்றாள்.

ரெங்கராஜ் பேசினான். மொட்டைத் தலையில் வியர்வை வழிய வழிய, தான் சொன்னது பொய், டாக்டர் இன்னும் சரியென்று சொல்லவில்லை, பிரஸ்ஸில் உட்கார்ந்தால் கை போய்விடும் என்று திக்கித் திக்கிச் சொன்னான். எதிர்முனையில் முதலாளி கத்தினார். "ஆர்டரை ஒத்துக்கிட்டப்பறம் வந்து கதை சொல்றியா? நாளைக்கு பிரஸ்ல உக்காருறதுன்னா வா, இல்லேன்னா வராத!"

பானுமதி போனைப் பிடுங்கினாள். "வருவாருங்க. நான் அவரு சம்சாரம் பேசுறேன். நாளைக்கும் வருவாரு, கேட்டுல உக்காருவாரு. டாக்டர் சொன்னப்பறம் பிரஸ்ல உக்காருவாரு. அப்ப அந்த ரெண்டாவது பட்டனை அவுத்து விட்டிருக்கணும்."

"எந்த பட்டன்? என்னம்மா பேசுறீங்க?"

"கட்டிப் போட்டிருக்கீங்களே, அந்த பட்டன். காத்தமுத்து அண்ணன் வெரல் எப்படிப் போச்சுன்னு கேக்க வேண்டியவங்ககிட்ட நான் போய்ச் சொன்னா நல்லா இருக்காதுங்க. நான் தையக்காரி, எனக்கு எட்டுற ஆபீஸ் எதுன்னு தெரியாது. தெரியற வரைக்கும் ஒவ்வொரு வாசலா நிப்பேன்."

முதலாளி தொண்டையைச் செருமினார். பிறகு, "கேட்டுக்கே வரச் சொல்லுங்க" என்று முதலாளி எரிச்சலோடு வைத்துவிட்டார். ரெங்கராஜ் அவளை ஏதோ புதிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான். "ரொம்பப் பேசிட்ட பானு." "இன்னும் பேசல" என்றாள்.

வீடு திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. பேட்ரிசியா சொன்னபடி மாஸ்க்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தாள். படுக்கும்போதெல்லாம் மாட்டணும் என்றால் இப்போதே மாட்டுங்க என்று அவனைப் படுக்க வைத்தாள். ஸ்ட்ராப்பை இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்த்தினாள். மெஷினை ஓட விட்டு, ஜாக்கெட்டின் தையலைத் தடவிப் பார்க்கிற மாதிரி, மாஸ்க்கின் ஓரத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். எங்கேயும் காற்று கசியவில்லை. விசில் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவன் கண் மூடியது. நெஞ்சு ஏறி இறங்கியது. ஏறி, இறங்கியது. குறட்டையே இல்லை.

செல்லக்கிளி வந்து நிலைப்படியில் நின்றாள். மகனைப் பார்த்தாள். அறை அமைதியாக இருந்தது. பழக்கத்தில் அவள் கை கதவுக்குப் போயிற்று, அசந்து தூங்குகிறான், யாரும் எழுப்பிவிடக் கூடாது என்று. கதவைப் பாதி இழுத்த இடத்தில் கை நின்றது.

"சாத்தட்டுமாடி?" என்று கேட்டாள். கேட்ட குரல் அவள் குரலாகவே இல்லை.

பானுமதிக்கு வாய் வரை வந்துவிட்டது. இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துச் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது, சொல்கிற உரிமையும் இருந்தது. அத்தையின் விரல்கள் கதவு விளிம்பைப் பற்றியபடியே இருப்பதைப் பார்த்தாள்.

"வேணாம் அத்தை. தெறந்தே இருக்கட்டும்."

செல்லக்கிளி கதவைச் சுவரோடு சேர்த்துத் திறந்து வைத்தாள். உள்ளே வந்து மகன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். அது ஏறும்போதெல்லாம் அவள் கையும் ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து, யாரிடம் என்றில்லாமல், "தம்பிய எழுப்பியிருக்கணும்டி" என்றாள்.

பானுமதி தையல் மெஷினுக்குப் போனாள். காலையில் சுவரில் அடித்த ஜாக்கெட்டை எடுத்து உதறி, கையைச் சரியாக வைத்து, சத்தம் வராமல் மெதுவாகப் பெடலை மிதித்தாள்.